மென்பருப்பொருளில் சோடியம் அயனி: காந்த ஒத்ததிர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெல், சோப்புக் கரைசல், திரவப் படிகம், பாலிமர் சவ்வு, களிமண் கூழ், குருத்தெலும்பு போன்றவற்றைத்தான் இங்கே மென்பருப்பொருள் என்கிறேன். 'மென்பொருள்' என்று சுருக்கினால் அது கணினிப் பக்கம் போய்விடும். இவற்றுக்குள் இருக்கும் சோடியத்தை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வழியாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். புரோட்டான் என்.எம்.ஆர். ஓரளவு தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும்.

சோடியம் எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க வேறு எத்தனையோ வழி இருக்கிறதே, இதற்கு என்.எம்.ஆர். எதற்கு?

எவ்வளவு என்பது மட்டும் தெரிய வேண்டுமானால் என்.எம்.ஆர். தேவையில்லை. சாம்பிளைக் கரைத்துச் சுடர் ஒளி அளவியில் வைத்தாலே போதும். என்.எம்.ஆர். சொல்வது வேறு விஷயம்: அயனி எந்த மாதிரிச் சூழலில் இருக்கிறது, அந்தச் சூழல் எவ்வளவு வேகமாக மாறுகிறது, அதற்கு ஏதாவது ஒரு திசை ஒழுங்கு இருக்கிறதா என்பதெல்லாம். அதுவும் சாம்பிளை உடைக்காமல், கரைக்காமல், எதையும் சேர்க்காமல். ஜெல்லின் வலையைக் கலைத்துவிட்டு அதற்குள் அயனி எப்படி இருந்தது என்று கேட்க முடியாது அல்லவா?

சோடியம் அணுக்கருவில் அப்படி என்ன விசேஷம்?

இயற்கையில் கிடைக்கும் சோடியம் முழுவதும் சோடியம்-23 தான். ஐசோடோப்பைச் செறிவூட்டும் செலவு இல்லை. அதன் தற்சுழற்சி எண் 3/2. ஆகவே காந்தப்புலத்தில் நான்கு ஆற்றல் நிலைகள், அவற்றுக்கு இடையே மூன்று தாவல்கள். நடுவில் ஒன்று, அதன் இருபுறமும் பக்கத் தாவல்கள் இரண்டு. மொத்தச் சிக்னலில் நடுத் தாவலின் பங்கு 40 சதவீதம், பக்கத் தாவல்களின் பங்கு தலா 30 சதவீதம். இந்த 40-60 கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

தற்சுழற்சி 1/2-க்கு மேல் இருப்பதால் இந்தக் கருவுக்கு மின் நான்முனைத் திருப்புத்திறன் உண்டு. கருவின் மின்னூட்டம் சரியான உருண்டையாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் சுற்றியுள்ள மின்புலச் சரிவு, அதாவது மின்புலம் இடத்துக்கு இடம் மாறும் விதம், அதைப் பிடித்து இழுக்கிறது. புரோட்டானுக்கு இந்த வகை உணர்வே கிடையாது. சோடியம் கோட்டின் வடிவமும் தளர்வு நேரங்களும் பெரும்பாலும் இந்த ஒரு விளைவால் தீர்மானிக்கப்படுகின்றன. வேதிப் பெயர்ச்சி சிறியது. நீர் நிறைந்த சாம்பிள்களில் அது அதிகம் உதவாது.

சிக்னல் மிகவும் பலவீனம் என்கிறார்களே?

பலவீனம்தான். 9.4 டெஸ்லாவில் புரோட்டான் 400 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்தால் சோடியம் சுமார் 106 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். ஒரே புலத்தில் சம எண்ணிக்கையில் இருந்தாலும் சோடியம் தரும் சிக்னல் புரோட்டான் தருவதில் 9 சதவீதத்தைச் சற்றே தாண்டும். எண்ணிக்கையிலோ இரண்டும் சமமே இல்லை. தண்ணீரில் புரோட்டான் லிட்டருக்கு சுமார் 111 மோல். ரத்த அளவுக்கு உப்புள்ள கரைசலில் சோடியம் லிட்டருக்கு 0.14 மோல்தான். இரண்டையும் பெருக்கினால் வித்தியாசம் 8,000 மடங்கைத் தாண்டுகிறது.

ஆனால் இதை ஈடுகட்டும் ஒரு நல்ல குணமும் உண்டு. நீர்த்த உப்புக் கரைசலில் சோடியத்தின் டி1 (கரு மீண்டும் சமநிலைக்குத் தளரும் நேரம்) அறை வெப்பநிலையில் 60 மில்லி விநாடிக்குள். தண்ணீர்ப் புரோட்டானுக்கு அது 3 விநாடி அளவில். முழுமையாகத் தளர ஐந்து மடங்கு நேரம் விடுகிறோம் என்றால், ஐந்து நிமிடத்தில் புரோட்டானை 20 முறை எடுக்கலாம், சோடியத்தை 1,000 முறை எடுக்கலாம். மென்பருப்பொருளில் டி1 இன்னும் குறையும். எனவே பொறுமையாகக் கூட்டிச் சேர்ப்பதுதான் முதல் தீர்வு. பல நேரங்களில் அதுவே போதுமான தீர்வும்கூட.

என் சாம்பிளில் நான் போட்ட சோடியத்தில் பாதிக்கு மேல் சிக்னலில் காணவில்லை. எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. 1960-களில் ஃப்ரீமன் கோப் தசைத் திசுக்களின் சோடியத்தை என்.எம்.ஆரில் அளந்தபோது, வேதியியல் பகுப்பாய்வு சொன்ன அளவில் ஒரு பகுதிதான் தெரிந்தது. தெரியாத பெரும்பகுதி, செல்லின் பெரிய மூலக்கூறுகளோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு செல்லைப் பற்றிய அடிப்படைப் பார்வையையே தொட்டதால் விவாதம் சூடாக நடந்தது.

1972-இல் ஷ்போரரும் சிவானும் ஓர் எளிய சோதனையைச் செய்தார்கள். செல்லை விட்டுவிட்டு, சோடியம் லினோலியேட் என்ற சோப்பையும் தண்ணீரையும் கலந்து பார்த்தார்கள். அது ஒழுங்கான அடுக்குகள் கொண்ட திரவப் படிகம். அங்கேயும் கூர்மையான கோட்டில் சுமார் 40 சதவீதம்தான் தெரிந்தது. ஆனால் அந்த 40 சதவீதம் ஒரு தனி அயனிக் கூட்டம் அல்ல. எல்லா அயனிகளும் தங்கள் நடுத் தாவலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தன. பக்கத் தாவல்களின் 60 சதவீதம் அகன்று பரவி அடிக்கோட்டில் கரைந்துவிட்டது.

ஒழுங்கே இல்லாத இடத்திலும் இதே 60-40 பிரிவு வரலாம் என்பதற்கான கோட்பாட்டை பால் ஹப்பர்டு 1970-லேயே எழுதியிருந்தார். அயனியைச் சுற்றியுள்ள அசைவு மெதுவாகிவிட்டால் டி2 (சிக்னல் தேய்ந்து மறையும் நேரம்) ஒன்றாக இருக்காது. 60 சதவீதம் வேகமாகவும் 40 சதவீதம் மெதுவாகவும் தளரும். திசுக்களில் வேகமான கூறு சில மில்லி விநாடியோ அதற்கும் குறைவோ, மெதுவானது 15 முதல் 30 மில்லி விநாடி வரை. கருவி கேட்கத் தொடங்குவதற்குள் வேகமான கூறு செத்துவிட்டால் 40 சதவீதம்தான் மிஞ்சும்.

ஆகவே உங்கள் சாம்பிளிலும் சோடியம் எங்கும் போகவில்லை. உங்கள் கருவி அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதே குழாயில் அதே கனஅளவுக்கு, செறிவு தெரிந்த உப்புக் கரைசலை வைத்து ஒப்பிடுங்கள். 40 சதவீதத்தை ஒட்டிய எண் வந்தால் எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம் பக்கத் தாவல்கள் மேல்தான்.

அப்படியானால் 'பிணைந்த சோடியம் இத்தனை சதவீதம்' என்று எழுதவே கூடாதா?

என்னைக் கேட்டால், தனிச் சான்று இல்லாமல் எழுத வேண்டாம். இரண்டு டி2 வந்தவுடன் இரண்டு கூட்டம் என்று எழுதிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஓர் அயனிக்கே இரண்டு டி2 உண்டு. அது குவாண்டம் விதி. வேதிப் பிணைப்புக்கு அடையாளம் அல்ல.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தண்ணீரில் சோடியம் அயனியின் பரவல் கெழு 25 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு சுமார் 1.3×10⁻⁹ சதுர மீட்டர். ஒரு மில்லி விநாடியில் அது கிட்டத்தட்ட 3 மைக்ரோமீட்டர் அலைந்துவிடும். ஜெல்லில் வேகம் குறைந்தாலும், பாலிமர் இழைகளுக்கு இடையேயான நானோமீட்டர் இடைவெளியோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய தூரம். நீங்கள் அளக்கும் நேரத்துக்குள் ஒரே அயனி இழைக்கு அருகிலும் நடுத் தண்ணீரிலும் எண்ணற்ற முறை போய்வந்திருக்கும். மின்னூட்டம் நெருக்கமாக உள்ள பாலிமரைச் சுற்றி எதிரயனிகள் கூடி நிற்கும் என்பது 1969-இல் மேனிங் முன்வைத்த கோட்பாடு. அங்கேகூட அந்த அயனிகள் இழையை ஒட்டித் திரிகின்றனவே தவிர ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை.

மெதுவான அசைவு, திசை ஒழுங்கு இரண்டுமே பக்கத் தாவல்களைக் கெடுக்கும் என்றால் எது காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தத் துறையில் உண்மையான முன்னேற்றம் நடந்ததே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் வித்தியாசத்தைச் சரியாகப் பிடிப்போம். மெதுவான அசைவு என்றால், மின்புலச் சரிவு ஏறி இறங்குகிறது, சராசரி பூஜ்ஜியம், ஆனால் ஏற்ற இறக்கம் நிதானமாக நடக்கிறது. 9.4 டெஸ்லாவில் சுமார் 1.5 நானோ விநாடியை ஒட்டியோ அதைவிட மெதுவாகவோ அசைவு இருந்தால் இந்த விளைவு தெரியத் தொடங்கும். திசை ஒழுங்கு என்றால் சராசரியே பூஜ்ஜியம் ஆகவில்லை, ஒரு மிச்சம் நிற்கிறது. இதை எஞ்சிய நான்முனை இடைவினை என்பார்கள். சாம்பிள் முழுவதும் ஒரே திசையில் ஒழுங்காக இருந்தால் ஸ்பெக்ட்ரத்தில் மூன்று கோடுகள் தனித்தனியாகத் தெரியும். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் குச்சல் குழுவினர் ஜெலட்டின் ஜெல்லை இழுத்து நீட்டி இதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். இழுத்தால் கோடு பிரியும், தளர்த்தினால் ஒன்று சேரும்.

சிக்கல் எங்கே என்றால், ஒழுங்குள்ள சின்னச் சின்னப் பகுதிகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கும் சாம்பிளில்தான். அங்கே பிரிவு கண்ணுக்குத் தெரியாது. இங்குதான் பல்குவாண்டம் வடிகட்டிகள் கைகொடுக்கின்றன; குறிப்பிட்ட குவாண்டம் நிலை வழியாக வந்த சிக்னலை மட்டும் விடும் பல்ஸ் (ரேடியோ அலைத் துடிப்பு) வரிசைகள் இவை. ஜக்கார், விம்பெரிஸ், போடன்ஹவுசன் மூவரும் 1986-இல் 3/2 தற்சுழற்சிக்கு இதன் அடிப்படையை விரிவாக எழுதினார்கள். சுருக்கமாக:

டிரிபிள் குவாண்டம் வடிகட்டி, ஒரே வேகத்தில் தளரும் சாதாரணக் கரைசல் சிக்னலை முழுவதும் தள்ளிவிடும். மெதுவான அசைவு இருந்தால் சிக்னல் வரும். ஆனால் கவனம், ஒழுங்கு இருந்தாலும் வரும். 'டிரிபிள் குவாண்டம் சிக்னல் வந்தது, எனவே மெதுவான அசைவு' என்பது அரைகுறை வாதம்.

டபுள் குவாண்டம் வடிகட்டியில் கடைசி இரண்டு பல்ஸ்களை 90 டிகிரிக்குப் பதில் 54.7 டிகிரி, அதாவது மேஜிக் ஆங்கிள், ஆக்கினால் திசை ஒழுங்கால் பிறந்த சிக்னல் மட்டும் தேறும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் கில் நாவோன் போன்றவர்கள் குருத்தெலும்பு முதலியவற்றில் இதை நன்றாகப் பயன்படுத்தினார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் மெதுவான அசைவு. இரண்டும் வந்தால் ஒழுங்கு இருப்பது உறுதி. அசைவும் மெதுவாக இருக்கிறதா என்பதை மாதிரி வைத்துப் பொருத்தித்தான் சொல்ல முடியும்.

டிரிபிள் குவாண்டம் சோதனையில் தயாரிப்பு நேரத்தை (முதல் இரண்டு பல்ஸ்களுக்கு இடைப்பட்ட நேரம்) எவ்வளவு வைப்பது?

சிக்னல் பூஜ்ஜியத்தில் தொடங்கி ஏறி, ஒரு உச்சத்தைத் தொட்டு இறங்கும். ஒழுங்கு இல்லாத சாம்பிளில், வேகமான டி2 3 மில்லி விநாடி, மெதுவானது 20 மில்லி விநாடி என்றால் உச்சம் 6.7 மில்லி விநாடியில் வரும். ஆனால் ஒரே ஒரு நேரத்தில் மட்டும் அளந்து நிறுத்த வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நேரங்களில் எடுத்தால் ஏற்றம் வேகமான கூறையும், இறக்கம் மெதுவான கூறையும் சொல்லிவிடும். சாதாரண டி2 வளைவில் இரண்டு அடுக்குக்குறிகளைப் பொருத்துவதைவிட இது நம்பகமானது என்பது என் அனுபவம். சுதந்திரமாகத் திரியும் சோடியத்தின் பெரிய சிக்னல் குறுக்கே நிற்பதில்லை என்பதுதான் காரணம்.

சிக்னல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வருகிறது. எங்கே தவறு?

முதலில் பல்ஸ் கோணத்தைச் சோதியுங்கள். மூன்று பல்ஸ் கொண்ட டிரிபிள் குவாண்டம் வடிகட்டியில் சிக்னல், கோணத்தின் சைன் மதிப்பின் ஐந்தாம் அடுக்காகக் குறையும். 90 டிகிரி என்று நினைத்து 72 டிகிரி கொடுத்திருந்தால் சாதாரணச் சிக்னல் 5 சதவீதம்தான் குறையும். இங்கோ 22 சதவீதம் போய்விடும். காயிலின் ஓரங்களில் புலம் சீராக இல்லாவிட்டால் சாம்பிளின் அந்தப் பகுதி கணக்கிலேயே வராது. சாம்பிளைக் காயிலின் நடுப்பகுதிக்குள் அடக்கி வைப்பது செலவில்லாத மேம்பாடு.

அடுத்தது, முதன்மைக் காந்தப்புலத்தின் சீரின்மை. டிரிபிள் குவாண்டம் நிலை அதை மூன்று மடங்கு வேகமாக உணரும். எனவே இரண்டாவது, மூன்றாவது பல்ஸ்களுக்கு இடையிலான நேரத்தைக் கருவி அனுமதிக்கும் அளவுக்குச் சுருக்குங்கள். தயாரிப்பு நேரத்தின் நடுவே ஒரு 180 டிகிரி பல்ஸ் வைத்தால் சீரின்மை அங்கே திருத்தப்படும். அந்தப் பல்ஸ் நான்முனை இடைவினையைத் தொடாது, ஆகவே நமக்கு வேண்டியது அப்படியே வளரும். ஆனால் அந்தப் பல்ஸும் துல்லியமாக இருக்க வேண்டும்.

உப்புக் கரைசலில் 90 டிகிரியைச் சரிபார்த்துவிட்டேன். அதையே திரவப் படிகத்துக்கும் வைக்கலாமா?

இது பலரும் விழும் குழி. நான்முனைப் பிரிவு பல்ஸின் வலிமையைவிடச் சிறியதாக இருந்தால் வைக்கலாம். பெரியதாக இருந்தால் பல்ஸ் நடுத் தாவலை மட்டும் தொடும். அப்போது அது இரண்டு மடங்கு வேகமாகச் சுழலும். நீங்கள் 90 டிகிரி என்று கொடுப்பது நடுத் தாவலுக்கு 180 டிகிரி ஆகிவிடும், சிக்னலே காணாமல் போகும். இடைப்பட்ட நிலையில் இரண்டும் கலந்து குழப்பும். புதிய சாம்பிள் ஒவ்வொன்றிலும் பல்ஸ் நீளத்தை மாற்றி மாற்றிச் சிக்னல் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு வளைவு வரைந்துவிடுங்கள். அந்த வளைவே ஒழுங்கைப் பற்றி ஒரு முதல் துப்புக் கொடுக்கும்.

'ஆப்டிமல் கண்ட்ரோல்' பல்ஸ் என்கிறார்களே, அது உண்மையில் உதவுகிறதா?

உதவுகிறது. ஆனால் எதற்கு என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். வழக்கமான பல்ஸ் ஒரு நீள்சதுரம். அதற்குப் பதில் பல்ஸின் வீச்சையும் கட்டத்தையும் நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டி, வேண்டிய முடிவு வரும்வரை கணினி ஒவ்வொரு துண்டையும் திருத்துகிறது. 2005-இல் கனேஜா, கிளேசர் முதலியோர் வெளியிட்ட 'கிரேப்' என்ற வழிமுறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸே ஜெர்ஷோ குழுவினர் இதைச் சோடியத்துக்குக் கொண்டுவந்து, கரைசலில் உள்ள சோடியத்தை அடக்கி, ஒழுங்கான அல்லது மெதுவான சூழலில் உள்ளதை மட்டும் எடுப்பிக்கும் பல்ஸ்களை வடிவமைத்தார்கள்.

வடிகட்டிகளைவிட இதில் எனக்குப் பிடித்த அம்சம், தளர்வு இழப்பையும் புலச் சீரின்மையையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிடலாம் என்பது. குறை என்னவென்றால், நீங்கள் கொடுத்த டி2, பிரிவு மதிப்புகளுக்கே அது சிறந்தது. சாம்பிள் அந்த எல்லைக்கு வெளியே போனால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. எனவே முதலில் எளிய சோதனைகளால் அந்த மதிப்புகளைத் தோராயமாக அளந்துவிட்டு, அப்புறம் பல்ஸை வடிவமைப்பதுதான் ஒழுங்கான வரிசை.

பெரிய காந்தம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

சிக்னல் கூடும். ஆனால் பெரிய காந்தத்தைவிட இரண்டு வெவ்வேறு காந்தங்கள் அதிகம் சொல்லும். எஞ்சிய நான்முனைப் பிரிவு ஹெர்ட்ஸ் கணக்கில் புலத்தைப் பொறுத்து மாறாது, தளர்வு வேகம் மாறும். ஒரே சாம்பிளை இரண்டு புலத்தில் எடுத்தால் ஒழுங்கும் அசைவும் அதிலேயே ஓரளவு பிரிந்துவிடும்.

கருவியில் காசு செலவழிக்க வேண்டுமானால், நான் முதலில் ப்ரோபை (சாம்பிளும் காயிலும் இருக்கும் பகுதி) பார்ப்பேன். பல்ஸ் முடிந்து கேட்கத் தொடங்குவதற்குள் வீணாகும் டெட் டைம், பல்ஸ் அதிர்வால் ப்ரோபிலேயே எழும் ரீங்காரம், இவை இரண்டும் அதிர்வெண் குறையக் குறைய அதிகமாகும். அவை விழுங்குவது பெரும்பாலும் அந்த 60 சதவீதத்தைத்தான்.

தண்ணீர்ப் புரோட்டானுக்குச் செய்வதுபோல ஹைப்பர்போலரைசேஷன் (கருக்களின் முனைவாக்கத்தைச் செயற்கையாகப் பல மடங்கு ஏற்றுவது) செய்ய முடியாதா?

சோடியத்தின் டி1 கரைசலிலேயே 60 மில்லி விநாடிக்குள் இருக்கும்போது, வேறிடத்தில் ஏற்றிய முனைவாக்கத்தைச் சாம்பிள்வரை கொண்டுவரவே நேரம் கிடைக்காது. வேகமாகக் கூட்டிச் சேர்க்க உதவிய அதே குணம் இங்கே தடையாகிறது.

உள்ளே இருக்கும் சோடியம், வெளியே இருக்கும் சோடியம் என்று பிரிக்க ஷிஃப்ட் ரீஏஜென்ட் (தான் இருக்கும் பக்கத்துச் சோடியத்தின் கோட்டை நகர்த்தும் சேர்மம்) சேர்க்கலாமா?

சவ்வால் பிரிந்த அறைகள் இருந்தால் சேர்க்கலாம். 1982-இல் குப்தாக்கள் இருவர் டிஸ்ப்ரோசியம் டிரைபாலிபாஸ்பேட்டைப் பயன்படுத்தி, செல்லுக்கு உள்ளும் புறமும் உள்ள சோடியத்துக்குத் தனித்தனிக் கோடு கிடைப்பதைக் காட்டினார்கள். வெசிக்கிள்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்தச் சேர்மத்துக்கு மைனஸ் 7 மின்னூட்டம். மின்னூட்டமுள்ள ஜெல்லில் அதைப் போட்டால், நீங்கள் பார்க்க வந்த அயனிச் சமநிலையையே அது மாற்றிவிடும். அங்கே வேண்டாம்.

பரவலை நேரடியாக அளக்க முடியுமா?

முடியும், துடிப்புச் சரிவுப் புலம் (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலத் துடிப்பு) கொண்டு. சோடியத்தின் சுழல்காந்த விகிதம் புரோட்டானுடையதில் கிட்டத்தட்ட கால்வாசி. விளைவு அதன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதே சரிவில் 14 மடங்கு குறைந்த தேய்வுதான் கிடைக்கும். டி2 குறுகியது என்பதால் அலைய விடவும் நேரம் இல்லை. எனவே வலிமையான சரிவுக் காயில் கட்டாயம். பாலிமர் மின்பகுளிகளில் இந்தச் சிரமம் இன்னும் கூடும். ஆனால் கிடைக்கும் எண் நேரடியானது, மாதிரிக் கணக்கு அதிகம் தேவையில்லை.

அளந்த தளர்வு நேரத்திலிருந்து மூலக்கூறு அளவில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியுமா?

முன்பெல்லாம் அயனியைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்புவதாக எடுத்துக்கொண்டு ஒரு நேரத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள். இப்போது மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தல் இதை நேரடியாகச் சோதிக்கிறது. 2023-இல் சுபாக், ஜெர்ஷோ, ரோட்டன்பெர்க் முதலியோர் உப்புக் கரைசலில் செய்த வேலை, மின்புலச் சரிவின் ஏற்ற இறக்கம் நீர் மூலக்கூறுகளின் கூட்டு அசைவிலிருந்து வருகிறது என்று காட்டியது. கால அளவோ பிகோ விநாடிக்கும் கீழே. சாதாரண உப்புத் தண்ணீருக்கே இந்த நிலை என்றால், ஜெல்லுக்கு ஒரே ஒரு அசைவு நேரத்தைக் கொடுத்து முடித்துவிடுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

கையில் ஒரு புதிய ஜெல் இருக்கிறது. இன்று எங்கே தொடங்குவது?

செறிவு தெரிந்த உப்புக் கரைசலோடு ஒப்பிட்டு மொத்தச் சிக்னலை அளந்து பாருங்கள். முழுவதும் தெரிகிறதா, 40 சதவீதம்தானா, இடைப்பட்டதா? பிறகு பல்ஸ் நீள வளைவு. பிறகு 54.7 டிகிரி டபுள் குவாண்டம் சோதனை, சில தயாரிப்பு நேரங்களில். அதில் ஒன்றும் வரவில்லை என்றால் டிரிபிள் குவாண்டம் வளைவை எடுத்து டி2 இரண்டையும் கணக்கிடுங்கள். ஏதாவது வந்தால், ஜெல்லை இழுத்தோ அமுக்கியோ அச்சை மாற்றியோ மறுபடி எடுங்கள். திசை மாறும்போது அந்தச் சிக்னலும் மாறினால் ஒழுங்கு உங்கள் ஜெல்லுடையதுதான். வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். ஐந்து டிகிரி மாறினாலே தளர்வு நேரங்கள் கவனிக்கும் அளவுக்கு நகர்ந்துவிடும், பிறகு நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட முடியாது.